அறுபத்து நான்காவது பொருள்

கேம்போபெல்லோ தீவு கனடாவுக்குச் சொந்தமானது. ஆனால் அதைக் கரையோடு சேர்க்கும் ஒரே பாலம் அமெரிக்காவில் போய் இறங்குகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் லூபெக் என்ற சின்ன ஊர். எங்கள் தீவுக்காரர்கள் பெட்ரோல் போட, பல் பிடுங்க, செருப்பு வாங்க, எதற்கும் லூபெக் போய்த்தான் திரும்ப வேண்டும். திரும்பும்போது பாலத்தின் இந்த முனையில் கனடா எல்லைச் சுங்கச் சாவடியின் ஜன்னலுக்குப் பின்னால் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான்.

"என்ன வாங்கினீங்க?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பேன். "ஒண்ணுமில்லை கோலெட்" என்று நூறு தடவை பதில் வரும். அதில் எத்தனை நிஜம் என்று கார் பின்பக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏவிஸ் லாங்க் விஷயத்தில் கார் தாழாது. அவள் கடத்துவது சீஸ் மட்டும்தான். அமெரிக்காவில் சீஸ் விலை குறைவு. ஓர் அளவுக்கு மேல் கொண்டுவந்தால் நாங்கள் போடும் தீர்வை சீஸின் விலையையே மிஞ்சிவிடும். பள்ளிக்கூடச் சமையல்காரியான ஏவிஸுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சீஸை மழைக்கோட்டின் உள்பையில், டயர் மாற்றும் சாமான்களுக்கு அடியில், ஒரு தடவை தொப்பிக்குள் என்று இடம் மாற்றி மாற்றி வைப்பாள். நான் மூன்று முறை பிடித்திருக்கிறேன். பிடிபட்ட அன்று என்னை "ஆபீசரம்மா" என்பாள். சாயங்காலம் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் வேலிக்கு மேலே மீன் சூப்புச் சட்டியை நீட்டி, "சாப்பிடு கண்ணு, எலும்பும் தோலுமா இருக்கே" என்பாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி. அந்தச் சூப்பில் மிதந்த சீஸைப் பற்றி நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

எல்வுட் ராம்ஸ்டெல் இதற்கு நேர் எதிர். லூபெக்கில் அக்கா லொரெட்டாவோடு வாழ்ந்த படகு எஞ்சின் மெக்கானிக். கல்யாணமே செய்துகொள்ளாதவர். எங்கள் மீனவர்களின் எஞ்சின்களைப் பார்க்க வாரம் இரண்டு முறை பாலம் தாண்டி வருவார். ஜன்னலில் வண்டியை நிறுத்தியதும் தொப்பியைக் கழற்றி ஆரம்பிப்பார்.

"ஒரு ஸ்பானர் பெட்டி. ரெண்டு டப்பா கிரீஸ், ஒண்ணு பிரிச்சது. மத்தியான சாப்பாட்டுக்கு ரெண்டு சாண்ட்விச், ஒரு ஆப்பிள்."

"போதும் எல்வுட், போங்க."

"ஆப்பிள் பாதி தின்னாச்சு. அதையும் எழுதிக்கணுமா?"

ஒரு வெள்ளிக்கிழமை இப்படி அவர் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற ஏவிஸ் ஹாரனை அழுத்தினாள். அப்புறம் பொறுக்காமல் இறங்கியே வந்துவிட்டாள்.

"ஏன் ஐயா, உங்க சட்டைப் பையில இருக்கிற நூல் பிசிறையும் சொல்லியாச்சா, இல்ல அதுக்கு தனி வரிசை இருக்கா?"

எல்வுட் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இருக்கு. ஆனா இந்தச் சட்டை உங்க நாட்டுக் கடையில வாங்கினதும்மா. நூல் கனடாவோடதுதான்."

ஏவிஸ் சிரித்த சிரிப்பில் பாலத்துக் கம்பியில் உட்கார்ந்திருந்த கடற்காகங்கள் எழுந்து பறந்தன. அன்று அவளுடைய சீஸைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் அதை மறைக்க மறந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அப்படியே கிடந்தது.

அதற்கப்புறம் எல்வுட்டின் பழுது பார்க்கும் வேலைகள் எப்படியோ சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்தன. லூபெக்கின் நேரம் எங்களுக்கு ஒரு மணி பின்னால். அவர் தன் கைக்கடிகாரத்தை மாற்ற மறந்து ஏவிஸ் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் பிந்தி வருவார். இரண்டு வருஷம் ஆறிய சாப்பாடு சாப்பிட்டார். பிறகு லூபெக் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. அப்போது ஏவிஸுக்கு ஐம்பத்தொன்பது, அவருக்கு அறுபத்து மூன்று.

கல்யாணம் முடிந்தால் குடிவரலாம் என்று நினைத்தார்கள். முடியவில்லை. எல்வுட் கனடாவில் குடியேற அனுமதி வர வேண்டும். விண்ணப்பம், புகைப்படம், மருத்துவச் சோதனை, திரும்ப விண்ணப்பம். பதினான்கு மாதம் ஆயிற்று. அதுவரை ஏவிஸ் தீவில், எல்வுட் அக்கா வீட்டில். குறுகிய கடற்கால்வாய்தான் நடுவில். பனிமூட்டம் இல்லாத நாளில் ஏவிஸின் கொடியில் என்ன துணி காய்கிறது என்று லூபெக்கிலிருந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வண்டி திரும்பிப் போகும்போது நான் பணியில் இருந்தால், தொப்பியைத் தூக்கிக் காட்டுவார்.

மே மாதம் அனுமதி வந்தது. வந்த நான்காம் நாளே வாடகை லாரியில் சாமான்களோடு பாலம் ஏறிவிட்டார். ஓட்டிவந்தது லொரெட்டா. எழுபது வயதில் லாரி ஓட்டும் பெண்மணி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

குடியேற வருகிறவர்கள் தம் சொந்தச் சாமான்களைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். அதற்கு இரண்டு நிபந்தனை. எல்லாவற்றையும் விலையோடு பட்டியல் போட வேண்டும். ஒவ்வொன்றும் அவர்கள் வைத்திருந்து, பயன்படுத்திய பொருளாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கிப் பிரிக்காமல் கொண்டுவந்தால், அது கடையில் வாங்கிய சரக்கு மாதிரிதான்.

எல்வுட் பட்டியலை நீட்டினார். ஐந்து பக்கம், பென்சிலால் அச்சு மாதிரி எழுத்து. கடைசி வரி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே குனிந்து, "ஆபீசர், அறுபத்து நாலை மட்டும் மனசுக்குள்ள படிச்சுக்கறீங்களா? ஏவிஸ் வந்துட்டிருக்கா" என்றார்.

நான் கையை விலக்கிப் படித்தேன். படித்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது.

"சத்தமா படிக்காம இருக்கலாம். ஆனா லாரியில பாக்காம விட முடியாது எல்வுட்."

"தெரியும். அவளை எப்படியாவது அந்த நேரத்துல..."

கதவு திறந்தது. ஏவிஸ் தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, காதில் முத்துத் தோடு போட்டுக்கொண்டு வந்து நின்றாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"என்ன, முடிஞ்சுதா? அடுப்புல பீன்ஸ் வெந்துட்டிருக்கு."

"இப்பதான் ஆரம்பம்" என்று நான் பட்டியலை வாசித்தேன். கட்டில் ஒன்று. மெத்தை ஒன்று. பனிச்சப்பாத்து இரண்டு ஜோடி. பதினேழு சுத்தியல்.

"பதினேழா?" என்றாள் ஏவிஸ். "என் வீட்டுல மொத்தமே பதினேழு ஆணி இருக்காது மனுஷா."

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேலைக்கு."

"இவன் சின்னவனா இருக்கும்போது சுத்தியலைக் கட்டிப்பிடிச்சுட்டுத்தான் தூங்குவான்" என்றார் லொரெட்டா. "இனிமே உன் பாடு."

இருபத்தோராவது, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைகள் ஒன்பது. முப்பத்தெட்டாவது, ஓடாத கடிகாரம். நாற்பத்தைந்தாவது, ஏவிஸ் எழுதிய கடிதங்கள், ஒரு பெட்டி. அதற்கு நேராக விலை என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். நான் அதையும் வாசித்துத் தொலைத்தேன். ஏவிஸ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே பனிமூட்டம் அதிகமாகிறதே என்றாள். அறுபத்து மூன்றோடு நிறுத்திப் பட்டியலை மடித்தேன்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள் ஏவிஸ்.

"எங்க?"

"உன் முகத்துல. முப்பது வருஷமா உங்க ஆபீசருங்க முகத்தைப் படிச்சுட்டு வர்றேன். எனக்கா தெரியாது?"

அவளை வெளியே அனுப்ப நான் செய்த முயற்சி ஒன்றும் பலிக்கவில்லை. லாரியைத் திறந்தபோது முதல் ஆளாக அவள்தான் எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்குப் பின்னால் ஆள் உயரத்தில் நான்கு மரப்பெட்டிகள், ஆணி கூடப் பிடுங்காமல். மேலே சிவப்பு எழுத்து: கண்ணாடி, கவனம்.

ஏவிஸின் முகம் மாறியது.

"ஜன்னலா? என் வீட்டு ஜன்னலை மாத்தப் போறியா? வீட்டுக்குள்ள காலடி வைக்கறதுக்கு முன்னாடியே? என் வீட்டு ஜன்னலுக்கு என்ன குறை கண்டே?"

எல்வுட் பொய் சொல்லத் தெரியாத மனிதர். உண்மையையும் சொல்ல முடியாது. என்னைப் பார்த்தார். எனக்கும் வேறு வழி இல்லை. என் வேலை கேட்பது.

"அறுபத்து நாலாவது பொருள். என்னது, எங்க வாங்கினது, பயன்படுத்தினதா?"

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"கண்ணாடி வீடு. செடி வளக்கறதுக்கு. இங்கிலாந்துலேர்ந்து வரவழைச்சேன். பிப்ரவரியில வந்துது. இன்னும் பிரிக்கல." கொஞ்சம் நிறுத்திவிட்டு ஏவிஸைப் பார்க்காமலே சொன்னார். "தக்காளிக்கு."

ஏவிஸின் தக்காளி தீவு முழுக்கத் தெரிந்த விஷயம். ஒவ்வொரு ஜூனிலும் பன்னிரண்டு செடி நடுவாள். ஜூலை முழுக்கப் பனிமூட்டம். ஆகஸ்டில் கோலிக்குண்டு அளவில் பச்சைக் காய். செப்டம்பரில் குளிர் வந்து செடியைக் கருக்கிவிடும். பச்சைக் காயை ஊறுகாய் போட்டு எல்லார் வீட்டுக்கும் கொடுப்பாள். "அடுத்த வருஷம் பழுக்கும் பாருங்க" என்பாள். பத்தொன்பது வருஷமாக.

அவள் மரப்பெட்டி மேல் கையை வைத்தாள். ஏவிஸ் பேசாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

நான் ரசீதைக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு. கணக்குப் பார்த்துச் சொன்னேன். தீர்வையும் விற்பனை வரியும் சேர்த்து அறுநூற்று நாற்பது டாலர்.

"என்னது!" லொரெட்டா லாரியிலிருந்து குதித்தார். "எங்க ஊருக்கு வந்தப்பவே ஒரு தடவை கட்டியாச்சும்மா! ஒரே கண்ணாடிக்கு ரெண்டு நாடும் வரி புடுங்குமா?"

"அது உங்க நாட்டுக்கு வந்ததுக்கு. இது எங்க நாட்டுக்கு வர்றதுக்கு."

"நடுவுல இருக்கறது ஒரு பாலம்! நான் தும்மினா இங்க கேக்கும்!" தம்பியின் பக்கம் திரும்பினார். "டேய், பழசுன்னு சொல்லுடா."

"பிரிக்கலைன்னு சொல்லிட்டேனே அக்கா."

"ஏன்டா சொன்னே?"

"கேட்டாங்க."

ஏவிஸுக்கு அப்போதுதான் குரல் வந்தது. என் பக்கத்தில் வந்து, தொழில் தெரிந்த ஆள் மாதிரி மெதுவாகக் கேட்டாள். "கோலெட், ஒரே ஒரு பலகையை இப்ப நெம்பிட்டா? பிரிச்சதா ஆயிடாதா?"

"என் கண்ணு முன்னாடியா ஏவிஸ்?"

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பினா நல்லாருக்கும்."

நான் திரும்பவில்லை. ஆனால் எனக்கு ஒரு கடமை இருந்தது. வரி கேட்பது மட்டும் இல்லை, வரி கட்டாமல் இருக்க ஒழுங்கான வழி இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சொன்னேன். எல்வுட் இன்னும் குடியேற்றக் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. இப்படியே லாரியைத் திருப்பிக்கொண்டு லூபெக் போய், கண்ணாடி வீட்டை அங்கே நிறுத்தி, செடி வைத்து, கொஞ்ச நாள் நிஜமாகவே பயன்படுத்திவிட்டுப் பிறகு குடிவந்தால், அதுவும் பதினேழு சுத்தியல் மாதிரி சொந்தச் சாமான்தான். ஒரு பைசா கட்ட வேண்டாம்.

"அப்படிச் சொல்லு!" லொரெட்டா கையைத் தட்டினார். "என் வீட்டுக்குப் பின்னாடி இடம் கிடக்கு. நாளைக்கே நிறுத்திடலாம். ஒரு மாசம். ரெண்டு மாசம்னு வச்சுக்கோயேன், என்ன கெட்டுப் போச்சு? உன் ரூமை நான் இன்னும் காலி பண்ணல. படுக்கை விரிச்சபடியே இருக்கு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அறுபத்தைந்து வருஷமாகத் தம்பி பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அதைப் பற்றி யாருமே, நானும்தான், அதுவரை யோசிக்கவில்லை.

எல்வுட் அக்காவைப் பார்த்தார். பிறகு பாலத்தைப் பார்த்தார். பனிமூட்டத்தில் பாலத்தின் பாதிதான் தெரிந்தது.

"அக்கா, பதினாலு மாசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தப் பாலத்துல திரும்பிப் போனேன். ஒவ்வொரு தடவையும் நடுப் பாலத்துல வண்டியை நிறுத்திடலாமான்னு இருக்கும். இனிமே போக மாட்டேன். ஒரு ராத்திரிகூட முடியாது." என்னிடம் திரும்பினார். "எங்க கையெழுத்துப் போடணும்?"

லொரெட்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போடு, போடு. காசு உன்னோடது" என்றார்.

ஏவிஸ் கைப்பையைத் திறந்தாள். "பாதி நான் தர்றேன்."

"வேண்டாம்."

"என் தக்காளிதானே?"

"பாதி நீ கொடுத்தா, பாதிதான் பரிசு. முழுசா கொடுக்கணும்னு வாங்கினது."

"பிடிவாதக்காரா."

"அதைப் பட்டியல்ல எழுத மறந்துட்டேன்" என்றார் எல்வுட்.

அவள் அழுதாளா சிரித்தாளா என்று சரியாகச் சொல்ல முடியாது. முத்துத் தோடு ஆடியது. எல்வுட் அறுநூற்று நாற்பது டாலரைக் கட்டிவிட்டு ரசீதை அதே பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். வரி கட்டிவிட்டு இவ்வளவு சந்தோஷமாக வெளியே போன ஆளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டேன். முன்னால் ஏவிஸின் கார், பின்னால் லாரி. இரண்டும் ஹாரன் அடித்துக்கொண்டே போயின.

பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது என்று சாயங்காலம் வேலிக்கு மேலே சொன்னாள். இருந்தாலும் ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

கண்ணாடி வீட்டை நிறுத்த மூன்று சனிக்கிழமை ஆயிற்று. தீயணைப்புத் தொண்டர்கள் ஆறு பேர் வந்தார்கள். செய்முறைத் தாளை ஆளுக்கொரு மாதிரி படித்துச் சண்டை போட்டார்கள். எல்வுட் ஒரு சுத்தியலை எடுப்பார், வைப்பார், இன்னொன்றை எடுப்பார். ஒரு கண்ணாடி கப்பலிலேயே விரிசல் விட்டிருந்தது. அதற்குப் பதிலாக லூபெக்கில் ஒன்று வாங்கி வந்தார். என் ஜன்னலில் நிறுத்தி, "கண்ணாடி ஒண்ணு. நாலு திருகாணி. ஏவிஸோட சீஸ் ரெண்டு கட்டி, சீட்டுக்கு அடியில" என்று ஒப்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏவிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இந்த ஆளைக் கட்டிக்கிட்டதுல என் தொழிலே போச்சு" என்றாள்.

லொரெட்டா ஞாயிற்றுக்கிழமை தோறும் மதியம் வர ஆரம்பித்தார். முதல் இரண்டு வாரம் கண்ணாடி துடைக்க உதவுவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது வாரத்திலிருந்து காரணம் ஏதும் சொல்லவில்லை. மடக்கு நாற்காலி ஒன்றைக் காரில் கொண்டுவந்து தக்காளிச் செடிகளுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்து, தம்பி வேலை செய்வதைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். "டேய், குச்சியை இன்னும் ஆழமா நடுடா. காத்துல சாயும்." உள்ளே எங்கிருந்து காற்று வரும் என்று எல்வுட் கேட்கவில்லை. ஆழமாக நட்டார்.

ஜூலை வழக்கம்போலப் பனிமூட்டத்தில் போயிற்று. படகுகளை எச்சரிக்கும் கலங்கரை விளக்கத்தின் சங்கு இரவும் பகலும் ஊதியது. கண்ணாடி வீட்டுக்குள் மட்டும் வியர்த்தது. ஏவிஸ் பள்ளி விடுமுறையில் காலையும் மாலையும் அங்கேதான் இருந்தாள். ஒவ்வொரு காயையும் விரலால் தொட்டுப் பார்ப்பாள். நான் வேலிப் பக்கம் போனால், "இன்னும் இல்லை, இன்னும் இல்லை" என்பாள். நான் ஒன்றும் கேட்டிருக்கமாட்டேன்.

ஆகஸ்ட் மூன்றாவது ஞாயிறு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு இடம் இல்லாததால் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். வெள்ளை ரொட்டி, மயோனேஸ், உப்பு, மிளகு. நடுவில் தட்டில் ஏழு தக்காளி. கடையில் விற்கிற மாதிரி ஒழுங்காக இல்லை. ஒன்று கோணல், ஒன்று மேலே வெடித்திருந்தது. ஆனால் ஏழும் அடிவரைக்கும் சிவப்பு.

ஏவிஸ் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டு ஏவிஸ், பசிக்குது" என்றார் லொரெட்டா.

"இருங்க. கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

எல்வுட் நேரம் பார்க்கக் கையைத் திருப்பினார். கைக்கடிகாரம் இல்லை; வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார் போலிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு ரொட்டியில் மயோனேஸ் தடவ ஆரம்பித்தார், ஓரம் வரைக்கும், ஓர் இடம் விடாமல்.

ஏவிஸ் வெட்டினாள். சாறு மரப்பெட்டியில் ஓடியது. முதல் துண்டை எல்வுட்டின் வாயில் வைத்தாள். இரண்டாவதை லொரெட்டாவுக்கு. எனக்குக் கொடுத்தது அந்தக் கோணல் தக்காளி. அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மெல்லுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக் கூரையில் தடதடவென்று விழுந்தது. எழுந்து போக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏவிஸ் இன்னொரு ரொட்டியை எடுத்து வைத்து அடுத்த தக்காளியை வெட்டினாள்.